பட்டிப்பளை ஆற்றை மறித்தவர்

இலங்கையின் முதற் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க காரீயச் சுரங்கச் செல்வர் குடும்பத்தில் பிறந்தவர். 1915இல் முஸ்லிம்களுக்கெதிரான கலவரத்தையடுத்து, மதுவிலக்கு இயக்கத்தவர் பலரோடு பிரித்தானியர் அவரையும் சிறையிலிட்டனர். 1931 முதல் விவசாய, காணி அமைச்சராக விளங்கி, பாழடைந்த குளங்களைப் புனரமைத்துக் குடியேற்றங்களை நிறுவினார்.

கல்லோயாவே அவரது பெருங்கனவு. நாம் பட்டிப்பளை ஆறு என்றழைப்பதும் அதனையே. மாரியில் எமது வயல்களை மூழ்கடித்து, கோடையில் மெலிந்துவிடும் ஆறு அது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டமூலம் அமைக்கப்பட்டது. அமெரிக்காவின் மொரிசன் நட்சன் நிறுவனம் இங்கினியாகலையில் அணையைக் கட்டியது. இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கமும் நீரைக் கொணர்ந்தன. இந்நன்மையை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் வாய்க்காலின் தலைப்பில் பெரும்பாலும் வெளிமாவட்டச் சிங்களக் குடும்பங்களே குடியமர்த்தப்பட்டன. இடதுகரையின் கடைக்கோடி விவசாயிகளோ பல போகங்களில் நீருக்காகக் காத்திருந்தனர்.

1952 மார்ச்சில் குதிரையிலிருந்து வீழ்ந்து அவர் காலமானார். நீர்த்தேக்கம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. 1956 ஜூனில் அக்குடியேற்றப் பிரதேசத்தில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். 1961இல் மட்டக்களப்பிலிருந்து புதிய மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, அதன் தலைநகர் தொன்மையான எமது கரையோர ஊர்களில் அமையவில்லை. அத்திட்டத்தால் வளர்ந்த அம்பாறையிலேயே அமைந்தது.