பொய்ப் பரவசமும் மெய் வாழ்வும்

சுவாமி விவேகானந்தர் என உலகம் போற்றும் நரேந்திரநாதர், 1863ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆந் திகதி கல்கத்தாவிற் பிறந்தார். 1884இல் தந்தையார் திடீரெனக் காலமாக, வசதியாய் வாழ்ந்த குடும்பம் கடனில் மூழ்கியது. உத்தியோகந் தேடி வெறுங்காலுடன் வெயிலில் அலைந்தார். வீட்டில் உணவு போதாத நாட்களில், வெளியே விருந்துண்டு எனத் தாயாரிடங் கூறிப் பட்டினியாய்ப் புறப்பட்டுவிடுவார்.

குடும்பக் கஷ்டந் தீரக் காளிதேவியிடம் வேண்டுமாறு ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் அவரை அனுப்பினார். மும்முறை சந்நிதிக்குச் சென்றும் பொருள் கேட்க நா எழவில்லை. விவேகமும் வைராக்கியமும் ஞானமும் பக்தியுமே வேண்டி மீண்டார்.

பரமஹம்சர் நோயுற்றிருந்த காலத்தில் அடியார் சிலரிடையே ஒரு விபரீதந் தோன்றியது. குருதேவருக்கு இயல்பாய் வாய்த்த சமாதியைக் கண்ட அவர்கள், அழுவதும் நடுங்குவதும் மூர்ச்சிப்பதுமே பக்தியென எண்ணினர். சிலர் அவற்றை வீட்டிலே பழகிப் பார்ப்பதும் தெரியவந்தது. நரேந்திரர் தயங்காது கண்டித்தார். உணர்ச்சி வடிந்தபின் ஒழுக்கம் உயராவிடின் அதனாற் பயனில்லையென்றும், நன்றாய் உண்டு உடலை வலுப்படுத்தி மனத்தை அடக்கவேண்டுமென்றும் அறிவுறுத்தினார்.

பொய்யின்பத்தை மறுத்தல் எளிது. மெய்யான பேரின்பத்தையே ஒதுக்கிவைத்தல் அரிது. அந்தச் சோதனையும் அவருக்கு வந்தது. சமாதியிலேயே மூழ்கியிருக்க விரும்பிய அவரைக் குருநாதர் கடிந்துகொண்டார். பலருக்கு நிழல்தரும் ஆலமரமாகவேண்டியவன் தன் முத்தியை மட்டும் நாடலாகாது என உணர்த்தினார். 1886இல் காசிப்பூரில் அந்நிலையை அனுபவித்த பின்னரும், பணி முடியும்வரை அது அவருக்குப் பூட்டியே வைக்கப்பட்டது.

சுவாமிகள் அந்தப் பணியையே தேர்ந்துகொண்டார். 1893இல் சிக்காகோவில் முழங்கி, 1897ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி நம் கொழும்பில் வந்திறங்கினார். 1898இல் கல்கத்தாவிற் கொள்ளைநோய் பரவியபோது, மடத்துக்கெனப் புதிதாய் வாங்கிய நிலத்தையும் விற்று உதவத் துணிந்தார். நீரிழிவும் தொய்வும் வருத்தியும் ஓயவில்லை. 1902 ஜூலை 4இல், 39 வயதில், மறைந்தார். அதே ஆண்டில் கொழும்பில் விவேகானந்த சபை உதயமாயிற்று.

ஜிந்துப்பிட்டி வாழ் வாலிபர்களே! திருவிழாவிற் கண்ணீர் மல்க நிற்பது நன்றே. மறுநாட் காலையில் தாயின் சுமையிற் பாதியை நம் தோள் ஏற்குமாயின், அந்தக் கண்ணீர் மெய்யானது. பெரியோரே, பிள்ளைகளை அவ்வழியில் நடத்துவீர்களாக.