சின்ன வழியில் கல்லெடுத்த மேதை: அபுல் காசிம் அல்ஸஹ்ராவி (ரஹ்)

 

கடைக்காரர்களாகிய நமக்குக் கல்லடைப்பு தெரியாத வியாதியன்று. விடிந்தது முதல் இரவு வரை கல்லாவில் உட்காருகிறோம். தேநீர் பலமுறை, தண்ணீர் எப்போதாவது. வலி பொறுக்காமல் ஈப்போவில் ஆஸ்பத்திரிக்குப் போனால், கல்லை எடுக்கவேண்டும் என்கிறார் டாக்டர். வயிற்றைக் கிழித்துவிடுவார்களோ என்று பயந்து, பெருநாள் கழியட்டும், கணக்கு முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறோம். அத்தகையோர் அறியவேண்டிய பெரியார் ஒருவரின் சரித்திரம் இது.

அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அல்ஸஹ்ராவி அவர்கள் ஏறத்தாழ கி.பி. 936-ல், ஸ்பெயின் தேசத்துக் குர்துபா நகரையடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்தார்கள். ஊரின் பெயரே அன்னாருக்கும் பெயராயிற்று. வாழ்நாளை வைத்தியத்திலேயே கழித்து, கி.பி. 1000-ஐ ஒட்டி ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் 30 பாகங்கள் கொண்ட நூலை முடித்தார்கள். கடைசிப் பாகம் முழுவதும் ரண சிகிச்சை. சுமார் 200 ஆயுதங்களைப் படம் வரைந்து விளக்கினார்கள். மிருகக் குடலில் திரித்த நூலால் தைக்கும் முறையையும் எழுதினார்கள்.

உடலின் உள்ளமைப்பை அறியாதவன் கத்தியைத் தொடலாகாது என்பது அவர்களின் கண்டிப்பு. அதற்குத் தாம் கண்டதையே சான்றாக எழுதினார்கள். முதியவர் ஒருவருக்கு மூத்திரப்பையில் பெரிய கல். அதன் பருமனையும் அவரது நிலையையும் கண்டு, எடுத்தால் பிழைக்கமாட்டார் என்று உணர்ந்தார்கள். வேறொரு வைத்தியர் துணிந்து எடுத்தார். கல்லோடு பையின் ஒரு துண்டும் வந்தது. சுமார் மூன்று நாளில் நோயாளி மௌத்தானார்.

சிறிய கல் மூத்திர வழியில் சிக்கினாலோ, அவர்கள் கண்ட வழி வேறு. கல் பின்னே நழுவாதபடி நூலால் கட்டி, மெல்லிய துறப்பண ஊசியை அவ்வழியே செலுத்தி, மெதுவாகத் திருகிக் கல்லைத் துளைப்பார்கள். அடைபட்ட நீர் வெளியேறும். கல்லின் மிச்சத்தை வெளியிலிருந்து விரலால் அழுத்தி நொறுக்குவார்கள். கத்தி வைக்கவேண்டிய தேவையே இல்லை.

கி.பி. 1013 வாக்கில் அவர்கள் வபாத்தானார்கள். 12-ம் நூற்றாண்டில் கிரெமோனா ஊர் ஜெரார்டு என்பவர் அந்த ரண சிகிச்சைப் பாகத்தை லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய வைத்தியர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் படித்தனர்.

இன்றைய துவாரச் சிகிச்சையை அவர்களே கண்டுபிடித்தார்கள் என்று சொல்வது மிகையாகும். 1806-ல் போஸினி என்ற ஜெர்மானியர், மெழுகுவர்த்தி வெளிச்சத்தைக் குழாய் வழியே உடலுக்குள் காட்டும் கருவியைக் காண்பித்தார். 1985-ல் எரிக் மியூஹெ துவாரத்தின் வழியே பித்தப்பையை எடுத்தார். இன்று வயிற்றில் வாயுவை நிரப்பி, அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அளவில் மூன்று நான்கு துவாரங்கள் போட்டு, கேமராவைச் செலுத்தித் திரையில் பார்த்தே வேலை முடிக்கிறார்கள். மூத்திரக் குழாய்க் கல்லுக்குப் பெரும்பாலும் துவாரமும் வேண்டாம். மெல்லிய குழாயை மூத்திர வழியே செலுத்தி, லேசர் கதிரால் உடைக்கிறார்கள்.

எல்லோருக்கும் இம்முறை பொருந்தாது. துவாரத்தில் தொடங்கியதை இடையில் திறந்து முடிக்க நேர்ந்தால் அது தோல்வியன்று, உயிருக்குப் பாதுகாப்பு. எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று அறிந்து நிற்பதே அல்ஸஹ்ராவி அவர்கள் விட்டுச்சென்ற பாடம்.

சகோதரர்களே! அடைபட்ட கல் நாளடைவில் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். கடையை ஒரு வாரம் பிறர் பார்த்துக்கொள்வார்கள்; சிறுநீரகத்துக்கு மாற்றாள் கிடையாது. டாக்டரிடம் கேட்கவேண்டியதைக் கேட்டுத் தெளிந்து, காலத்தில் சிகிச்சை செய்துகொள்வோம். ஷிபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே.