அரசனை நிமிர்ந்து பார்த்த அடிமைப் பெண்

மெக்சிகோ நாட்டு மலின்ட்சின் வரலாறு

நாம் அன்றாடம் குழம்புக்குப் போடும் மிளகாயும் தக்காளியும் நம் நாட்டுப் பயிர்கள் அல்ல. மெக்சிகோ மக்கள் காலங்காலமாகப் பயிரிட்டு வந்தவை; ஐரோப்பியரின் கப்பலேறி நம் அடுப்படிக்கு வந்து சேர்ந்தவை. தக்காளிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டொமேட்டோ' என்ற பெயர்கூட அந்நாட்டு நவாட்டல் மொழிச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அந்த மொழியைப் பேசிய அஸ்டெக் மக்களின் பேரரசு 1521-ம் ஆண்டில் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. வீழ்த்தியவை பீரங்கியும் குதிரையும் மட்டுமல்ல. ஒரு பெண்ணின் நாவுக்கும் அதில் பங்கு உண்டு. அவள்தான் மலின்ட்சின்.

கைமாறிய சிறுமி

1500-ம் ஆண்டையொட்டி, மெக்சிகோ வளைகுடாக் கரையை அடுத்த கோட்சகோல்கோஸ் பகுதியில் அவள் பிறந்தாள். தாய்மொழி நவாட்டல். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று எந்த ஏட்டிலும் இல்லை.

ஸ்பானியப் படையில் வீரராக இருந்த பெர்னால் டியாஸ், பல ஆண்டுகள் கழித்து எழுதிய நூலில் அவளுடைய இளமைக் கதையைக் கூறியிருக்கிறார். தந்தை ஒரு குறுநிலத் தலைவன். அவன் இறந்ததும் தாய் மறுமணம் செய்து கொண்டாள். புதிய கணவனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவனுக்கே சொத்து சேரவேண்டும் என்று, பெற்ற தாயே மகளை இரவோடு இரவாக அயலாரிடம் ஒப்படைத்து விட்டாள் என்பது அந்தக் கதை. கதை அப்படியே உண்மையோ இல்லையோ, அவள் சிறு வயதிலேயே அடிமையாகி, மாயா மொழி பேசும் தபாஸ்கோ நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது உண்மை.

அங்கே அவள் பிறர் வீட்டில் உழைத்தாள். எஜமானர்களின் மொழியைக் கேட்டுக் கேட்டே கற்றுக் கொண்டாள். கற்றுக் கொடுக்க ஆள் இல்லை; கற்காமல் பிழைக்கவும் வழியில்லை. பிழைப்புக்காகக் கற்ற அந்த இரண்டாவது மொழியே அவளுடைய தலையெழுத்தை மாற்றியது.

இருபது பெண்களில் ஒருத்தி

1519-ம் ஆண்டில் ஹெர்னான் கோர்ட்டெஸ் என்ற ஸ்பானியன் 11 கப்பல்களுடனும் சுமார் 500 வீரர்களுடனும் அக்கரையில் இறங்கினான். தபாஸ்கோ மாயாக்கள் எதிர்த்துப் போரிட்டுத் தோற்றார்கள். சமாதானக் காணிக்கையாகப் பொன்னும் துணியும் கொடுத்தார்கள். கூடவே 20 அடிமைப் பெண்களையும் கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி இவள்.

பாதிரியார் அவளுக்கு மரீனா என்று ஞானஸ்நானப் பெயர் வைத்தார். நவாட்டல் மொழியில் 'ர' ஒலி கிடையாது. ஆகவே அம்மக்கள் வாயில் மரீனா, 'மலினா' ஆனாள். நாம் 'அம்மையார்' என்று சேர்ப்பதுபோல் மரியாதைக்குரிய 'ட்சின்' விகுதியும் சேர்ந்து 'மலின்ட்சின்' ஆயிற்று. ஸ்பானியர் அதைத் திரும்ப 'மலிஞ்சே' என்று உச்சரித்தார்கள். அடிமையாக வந்தவளுக்கு மரியாதை விகுதி சேர்த்தவர்கள் அந்நாட்டு மக்களே என்பதைக் கவனிக்க வேண்டும்.

கோர்ட்டெஸிடம் ஏற்கெனவே ஒரு துபாஷி இருந்தான். அவன் பெயர் அகிலார். 1511-ல் கப்பல் உடைந்து யுகடான் கரையில் ஒதுங்கி, எட்டு ஆண்டுகள் மாயாக்களிடையே வாழ்ந்தவன். மாயா மொழி தெரியும், நவாட்டல் தெரியாது. கப்பல்கள் வடக்கே போனதும் அஸ்டெக் பேரரசன் மாண்டெசுமாவின் தூதர்கள் வந்தார்கள். அவர்கள் பேசியது அகிலாருக்குப் புரியவில்லை. மலின்ட்சினுக்குப் புரிந்தது.

அன்று முதல் பேச்சு இரண்டு வாய் மாறிப் போயிற்று. தூதர் சொன்னதை அவள் மாயாவில் சொல்வாள். அதை அகிலார் ஸ்பானிய மொழியில் சொல்வான். பதிலும் அதே வழியில் திரும்பும். ஆனால் அது அதிக காலம் நீடிக்கவில்லை. மலின்ட்சின் ஸ்பானிய மொழியையும் கற்றுக் கொண்டாள். அகிலாருக்கு வேலை குறைந்தது.

பேசுபவனும் பேசியவளும்

அஸ்டெக் தலைநகரமான டெனோச்டிட்லான் ஓர் ஏரியின் நடுவே இருந்தது. சுமார் இரண்டு லட்சம் பேர் வாழ்ந்ததாக மதிப்பிடுகிறார்கள். கரையிலிருந்து நகருக்கு நேரான கற்பாதைகள், நன்னீர் கொண்டுவரும் கால்வாய், வானளாவிய கோயில்கள், பெரிய சந்தை என்று அது விளங்கியதைக் கண்டு ஸ்பானியர் திகைத்துப் போனார்கள்.

அந்நாட்டு அரசனுக்கு 'த்லாடோவானி' என்று பட்டம். பேசுபவன் என்று பொருள். அரசன் பேசுவான், மற்றவர் தலைகுனிந்து கேட்பார்கள். அவன் முகத்தைக் குடிமக்கள் ஏறிட்டுப் பார்க்கக் கூடாது.

1519 நவம்பர் 8-ந் தேதி கோர்ட்டெஸும் மாண்டெசுமாவும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். இருவருக்கும் நடுவே நின்றவள் மலின்ட்சின். சில மாதங்களுக்கு முன்வரை பிறர் வீட்டில் ஊழியம் செய்தவள், பேசுபவன் என்று பட்டம் பெற்ற பேரரசனை நிமிர்ந்து பார்த்துப் பேசினாள். அரசவைப் பேச்சில் பணிவுச் சொற்களும் சுற்றி வளைத்த வாசகங்களும் நிறைந்திருக்கும். அது அவளுக்குப் புரிந்தது என்பதால், அவள் நல்ல குடியில் பிறந்தவள்தான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

வீழ்ச்சியின் காரணம்

அதற்கு முந்தின மாதம் சோலூலா நகரில் ஸ்பானியர் ஆயிரக்கணக்கானோரைக் கொன்று குவித்திருந்தார்கள். அந்நகரத்தார் சதி செய்வதாக மலின்ட்சின்தான் துப்பறிந்து சொன்னாள் என்று ஸ்பானியர் எழுதி வைத்தார்கள். சதி உண்மையா, படுகொலைக்குச் சொன்ன சாக்கா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் பழி அவள் தலையில் நின்று விட்டது.

ஒரு பெண்ணின் பேச்சால் மட்டும் ஒரு பேரரசு கவிழ்ந்து விடாது. அஸ்டெக்குகளுக்குக் கப்பம் கட்டிச் சலித்த மக்கள் பலர் இருந்தார்கள். பரம விரோதிகளான த்லக்ஸ்கலா மக்கள் பல்லாயிரம் வீரர்களை ஸ்பானியருக்கு அனுப்பினார்கள். 1520-ல் அம்மை நோய் பரவியது. மாண்டெசுமாவுக்குப் பின் அரசனான குயிட்லாவாக்கும் அதில் மாண்டான். மே மாதக் கடைசியில் தொடங்கிய முற்றுகை 1521 ஆகஸ்ட் 13-ல் முடிந்தது. கடைசி அரசன் குவாடேமோக் சிறைப்பட்டான்.

தாய்

1522-ஐ ஒட்டி அவளுக்கும் கோர்ட்டெஸுக்கும் மார்ட்டின் என்ற மகன் பிறந்தான். கோர்ட்டெஸ் அவளை மணக்கவில்லை. 1524-ல் ஹோண்டுராஸ் பயணத்துக்கு அவளைத் துபாஷியாக அழைத்துப் போனபோது, வழியில் ஜுவான் ஹராமில்யோ என்ற தன் அதிகாரிக்கு மணம் முடித்து வைத்தான். அந்தப் பயணத்தில்தான் குவாடேமோக் தூக்கிலிடப்பட்டான்.

அதே பயணத்தில் பிறந்த ஊர்ப்பக்கம் போனபோது, தன்னைக் கைவிட்ட தாயை அவள் சந்தித்தாள் என்றும், அஞ்சி அழுத தாயை மன்னித்துப் பரிசு கொடுத்தாள் என்றும் பெர்னால் டியாஸ் எழுதுகிறார். 1526-ல் மரியா என்ற மகள் பிறந்தாள். 1528-ல் கோர்ட்டெஸ் சிறுவன் மார்ட்டினை ஸ்பெயினுக்குக் கொண்டு போனான். 1529 வாக்கில், முப்பது வயதையொட்டி, மலின்ட்சின் இறந்தாள். பின்னால் கோர்ட்டெஸுக்கு ஸ்பானிய மனைவியிடம் பிறந்த மகனுக்கும் மார்ட்டின் என்றே பெயர் வைத்தார்கள். பட்டமும் சொத்தும் அவனுக்கே போயின.

துரோகி என்ற பெயர்

1821-ல் மெக்சிகோ சுதந்திரம் அடைந்த பிறகு அவளைத் துரோகி என்று தூற்றினார்கள். சொந்த நாட்டுப் பொருளை இகழ்ந்து அயல்நாட்டுப் பொருளை மெச்சும் குணத்துக்கு 'மலிஞ்சிஸ்மோ' என்று பெயர் வைத்தார்கள். 1962 முதல் 1968 வரை புதுடில்லியில் மெக்சிகோ தூதராக இருந்த கவிஞர் ஒக்டேவியோ பாஸும், 1950-ல் வெளியிட்ட நூலில் மெக்சிகோ மக்களை மலிஞ்சேயின் மக்கள் என்று வைத்து ஆராய்ந்தார்.

அவள் யாருக்குத் துரோகம் செய்தாள்? அன்று மெக்சிகோ என்ற ஒரு நாடு இல்லை. அஸ்டெக் அரசு அவளுடைய அரசு அல்ல. சொந்த ஊரார் அவளைக் காக்கவில்லை. மாயாக்கள் காணிக்கையாகக் கொடுத்தார்கள். அவளிடம் மிஞ்சியது நாக்கு ஒன்றுதான். அதைக் கொண்டு அவள் பிழைத்தாள்.

எல்லார் பேச்சையும் மொழிபெயர்த்தவள், தன் பேச்சாக ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அந்நாட்டுப் பழைய ஓவியங்களில் மட்டும் அவள் இருக்கிறாள். இரு தரப்புக்கும் நடுவே நிற்கிறாள். த்லக்ஸ்கலா நாட்டில் 4,400 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் மலைக்கு இன்றும் மலிஞ்சே என்றே பெயர். துரோகி என்று தூற்றியவர்களாலும் அந்தப் பெயரை மாற்ற முடியவில்லை.