கார்ல் ஏக்லி

பொருட்காட்சிச் சாலைக்குச் செல்வோர், அங்கே கண்ணாடிப் பெட்டிகளுள் நிறுத்தப்பெற்றுள்ள புலியையும் மானையும் கண்டு வியப்பர். இறந்த விலங்கின் தோலை உரித்துப் பக்குவஞ் செய்து, உயிருள்ளதுபோல நிறுத்தும் தொழிலைப் பாடம் செய்தல் என்பர். தோலையும் புகையிலையையும் பதப்படுத்துவதற்கு நம் மக்கள் வழங்கிய சொல்லே இத்தொழிலுக்கும் பெயராயிற்று. அப்பெயர் பொருத்தமுடையதே. நெடுங்காலம் இத்தொழிலாளர் தோல் கெடாமல் இருத்தலையே கருதினர். தோலுக்குள் இருந்த உடல் எத்தகையது என்பதைப் பற்றிக் கவலை கொண்டாரல்லர். அந்நிலையை மாற்றி, இத்தொழிலைச் சிற்பக் கலையோடு ஒப்ப வைத்து எண்ணுமாறு உயர்த்தியவருள் தலைசிறந்தவர் கார்ல் ஏக்லி.

இவர் 1864ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டில் நியூயார்க்கு மாநிலத்துக் கிளாரண்டன் என்னும் ஊரில், ஓர் உழவர் குடியிற் பிறந்தார். வயல்வேலையினும் காட்டிலுள்ள பறவைகளையும் விலங்குகளையும் நோக்கியிருத்தலிலேயே இவருக்கு விருப்பம் மிகுதி. சிறுவராய் இருந்தபோதே பாடம் செய்தலைப் பற்றிய நூலொன்றை இரவல் வாங்கிப் படித்து, அதிற் கூறியவாறு செய்து பழகினார். சில காலத்திற்குள், இத்தொழிலின் எல்லாப் பிரிவுகளிலும் தாம் வல்லவர் என்று அச்சிட்ட சீட்டுக்களையும் வழங்கத் தொடங்கினார்! இளமைக்கு இத்தகைய துணிவு இயல்பே.

அண்மையிலுள்ள பிராக்போர்ட்டு என்னும் ஊரில், பறவைகளைப் பாடம் செய்து வைப்பதில் ஈடுபாடுடைய டேவிட் புரூசு என்பவர் இருந்தார். அவர் ஏக்லியின் திறமையைக் கண்டு, ராச்செஸ்டர் நகரில் வார்டு என்பவர் நடத்திவந்த நிலையத்திற்குச் செல்லுமாறு கூறினார். அந்நாட்டுப் பொருட்காட்சிச் சாலைகள் பலவற்றிற்கு விலங்குகளையும் எலும்புக்கூடுகளையும் அனுப்பி வந்தது அந்நிலையம். பத்தொன்பது வயதினரான ஏக்லி அதன் வாயிலை அடைந்தும், மணியை அடிக்கத் துணியாமல் நெடுநேரம் நகரத் தெருக்களில் நடந்து திரிந்தார். இறுதியில் துணிந்து உட்புகுந்தார். வேலை கிடைத்தது. வாரத்திற்கு மூன்றரை டாலர் கூலி. அவர் தங்கி உண்ட விடுதிக்கோ வாரத்திற்கு நான்கு டாலர் கொடுக்க வேண்டியிருந்தது.

கூலி குறைந்ததைப் பற்றி அவர் வருந்தவில்லை. அங்கே கண்ட தொழில்முறையே அவர் உள்ளத்தை வருத்தியது. ஒரு மானைப் பாடம் செய்யும் முறை இது: கால் எலும்புகளைக் கம்பியால் இறுக்கிச் சுற்றி, தோலுக்குள் செருகுவர், பின்னர்த் தோலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, இனி ஒரு பிடியும் கொள்ளாது என்னுமளவு வைக்கோலைத் திணிப்பர். எங்கேனும் உடல் பருத்துத் தோன்றினால், நீண்ட ஊசியை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்குச் செலுத்தி, நூலை இழுத்து ஒடுக்குவர். நெற்குதிருக்கு நான்கு கால் வைத்தாற்போல நிற்கும் அவ்வுருவத்தை மான் என்று எழுதி அனுப்பிவிடுவர். விலை கொடுப்போரும் அதனையே ஏற்றுக்கொண்டனர். இதனினும் சிறந்த வேலைக்குப் பொருள் கொடுப்பார் இல்லை என்பதே வார்டு கூறிய விடை. அது பொய்யுமன்று. ஆயினும் அவ்விடை ஏக்லிக்கு அமைதி தரவில்லை.

அவர் விலங்குகளின் எலும்புகளையும் தசைகளையும் பெயர் பெயராகக் கற்றார். ஒருநாள் வரிக்குதிரை ஒன்றின் உடல் நிலையத்திற்கு வந்தது. அதன் உடலைச் சாந்தினால் வார்ப்பெடுத்துக் கொண்டால், தசைகளின் உண்மை வடிவைக் காணலாம் என எண்ணி இசைவு கேட்டார். வேலை நேரத்தில் அதனைச் செய்யலாகாது என்றனர். அவர் இரவு உணவு கொண்டபின் தொடங்கி, மறுநாட் காலையுணவு வேளை வரையிற் கண் துயிலாது உழைத்து, வார்ப்புக்களை எடுத்து முடித்தார். பின்னர் நிகழ்ந்தது யாது? வரிக்குதிரையின் தோல் பழைய முறைப்படியே திணிக்கப் பெறுதற்கு வேறொருவரிடம் கொடுக்கப்பட்டது. ஏக்லியின் வார்ப்புக்கள் குப்பைமேட்டில் எறியப்பட்டன.

வேறொருவராயின் சினந்து வெளியேறியிருப்பர். அல்லது, நமக்கென்ன என்று தாமும் வைக்கோலைத் திணிக்கத் தொடங்கியிருப்பர். ஏக்லி இரண்டும் செய்யவில்லை. அங்கேயே இருந்து கற்கவேண்டியவற்றைக் கற்றார்.

1885ஆம் ஆண்டு, செப்டம்பர் 15ஆம் நாள், பர்னம் என்பவரின் வட்டக்காட்சியைச் சேர்ந்த ஜம்போ என்னும் புகழ்பெற்ற ஆப்பிரிக்க யானை, கனடா நாட்டுச் செயின்ட் தாமஸ் நகரில் புகைவண்டி மோதி இறந்தது. அதனைப் பாடம் செய்யும் பொறுப்பு வார்டு நிலையத்தைச் சார்ந்தது. ஊர் ஊராக வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தமையால், வைக்கோல் இங்கே பயன்படாதாயிற்று. மரத்தினால் உறுதியான உடற்கூடு ஒன்று அமைத்து, அதன்மீது தோலைப் பொருத்தி ஆணி அறைந்தனர். இவ்வேலையில் ஏக்லிக்குச் சிறந்த பங்கு இருந்தது. உள்ளே உறுதியான உருவம் இருந்தால்தான் வெளியே தோல் அழகுறும் என்பதை அவர் தம் கைகளாலேயே அறிந்தார்.

அதன்பின் ஏக்லி, வீலர் என்னும் நண்பரின் ஊக்கத்தால் மில்வாக்கி நகருக்குச் சென்று, அந்நகரப் பொருட்காட்சிச் சாலையிற் பணிபுரிந்தார். 1890இல் மஸ்க்ராட் என்னும் நீர்வாழ் எலிகளை, அவை வாழும் நீர்நிலை, நாணல், வளை ஆகியவற்றோடு சேர்த்து அமைத்தார். விலங்கை அதன் வாழிடத்தோடு காட்டும் முறைக்கு அது வழிகாட்டியாயிற்று. 1896இல் சிகாகோ நகரிலுள்ள பீல்டு பொருட்காட்சிச் சாலையிற் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே சோமாலி நாட்டிற்குச் சென்றபோது, தம்மீது பாய்ந்த சிறுத்தை ஒன்றை வெறுங்கையாலேயே நெரித்துக் கொன்றார். இச்செய்தியே மக்களிடையே பெரிதும் பரவியது. ஆயினும், அவருடைய பெருமைக்கு அது காரணமன்று.

அவர் கண்ட புதுமுறையைச் சிறிது விரிவாகக் காண்போம். முதலில் விலங்கின் உடல் முழுவதையும் அளந்து, நிழற்படங்கள் எடுத்து, முகத்தைச் சாந்தில் வார்த்துக்கொள்வார். எலும்புகளை மரத்தாலும் இரும்பாலும் தாங்கி நிறுத்தி, அவற்றின்மீது களிமண்ணால் தசைகளை ஒவ்வொன்றாக வனைவார். அக்களிமண் உருவத்திற்குச் சாந்தினால் அச்செடுப்பார். அச்சின் உட்புறத்தில் பசை தடவி, மெல்லிய துணி ஒட்டி, அதன்மேற் காகிதக் கூழும் கம்பிவலையும் வைத்து இறுகச் செய்வார். பின்பு அச்சினை நீரில் மூழ்க வைப்பார். பசை கரைந்ததும், உள்ளிருக்கும் உருவம் பழுதின்றிக் கழன்று வரும். பொள்ளலான அவ்வுருவம் கனமற்றது, ஆனால் வலியது. அதன்மீது பக்குவஞ் செய்த தோலைப் போர்த்தினால், தோலின் கீழுள்ள தசை ஒவ்வொன்றும் தன் இடத்தில் தோன்றும்.

பாடம் செய்த உருவத்தின் நன்மை தீமைகளை அறிய விரும்புவோர், அதன் அளவையும் மயிரின் பளபளப்பையும் கண்டு மயங்குதல் கூடாது. உடலின் பாரம் எந்தக் காலின்மேல் நிற்கிறது, அந்தக் காலின் தசை அதற்கேற்ப இறுகியுள்ளதா என்று நோக்கவேண்டும். கண்ணிமை, மூக்குத்துளை, உதட்டின் விளிம்பு, காதின் அடி ஆகிய நான்கிடத்தும் தோல் சுருங்கிப் பிளந்திருந்தால் வேலை பழுதுடையதே. தையல் தெரிதலும், மயிர் இயற்கைக்கு மாறான திசையிற் படிதலும் குற்றங்களே. உயிருள்ள விலங்கைக் காணாதவர் இவற்றைச் செம்மையாகச் செய்தல் அரிது. இதனை உணர்ந்தமையாலேயே ஏக்லி ஐந்து முறை ஆப்பிரிக்காவிற்குச் சென்றார்.

சிகாகோவில் அவர் செய்த நான்கு பருவ மான் தொகுதிகள் 1902இல் நிறைவெய்தின. அவற்றிற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. மரங்களுக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான இலைகளை மெழுகினாற் செய்தனர். அவ்வேலையில் அவர் மனைவியார் டெலியா பெருந்துணை புரிந்தார். சாலையின் தலைவர் நான்கு தொகுதிகளையும் ஏற்றுக்கொண்டார். கிடைத்த தொகையோ பொருட்செலவிற்கே சரியாயிற்று. நல்ல வேலைக்குப் பொருள் கொடுப்பார் இல்லை என்று வார்டு கூறியது முழுவதும் பொய்க்கவில்லை போலும்!

1909இல் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கைப் பொருட்காட்சிச் சாலைக்காகப் பணிபுரியத் தொடங்கினார். 1910இல் கென்யா மலைச் சாரலில் ஒரு யானை அவரைத் தாக்கியது. அதன் இரு தந்தங்களும் அவருக்கு இருபுறமும் மண்ணிற் பதிந்தன. அவர் நசுங்குண்டு வீழ்ந்தார். இறந்தார் எனக் கருதிச் சுமையாளர்கள் அகன்றனர். டெலியா அம்மையார் மழையிலும் இருளிலும் காட்டைக் கடந்து வந்து அவரைக் காத்தார். நோய்ப்படுக்கையில் இருந்தபோதே, ஆப்பிரிக்க விலங்குகளுக்கென ஒரு பெருமண்டபம் அமைக்கவேண்டும் என்னும் எண்ணம் ஏக்லிக்கு உண்டாயிற்று.

அம்மண்டபத்திற்காக 1921இல் பெல்ஜியக் காங்கோவிலுள்ள மிக்கெனோ மலைக்குச் சென்று, ஐந்து கொரில்லாக்களைப் பெற்றார். இறந்த அவ்விலங்குகளின் முகங்களை வார்ப்பெடுக்கும்போது, அவர் உள்ளம் கலங்கியது. இதுகாறும் பிறர் தீட்டிய கொடிய வடிவம் எங்கே, கைக்கெட்டும் அண்மையிற் கண்ட இச்சாந்தமான முகம் எங்கே! கொலை செய்தவர்போலத் தம்மையே நொந்துகொண்டார். ஊர் திரும்பியபின், கொரில்லாக்களைக் காக்கும்படி பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட்டிடம் வேண்டினார். 1925இல் ஆல்பர்ட் தேசியப் பூங்கா நிறுவப்பெற்றது. இக்காலத்தில் அதற்கு விருங்கா என்பது பெயர்.

மண்டபத்திற்கு வேண்டிய செய்திகளைத் திரட்ட, 1926இல் மீண்டும் மிக்கெனோவிற்குச் சென்ற ஏக்லி, நவம்பர் மாதத்தில் அம்மலையிலேயே நோயுற்று இறந்தார். அவருடைய இரண்டாம் மனைவியார் மேரி அம்மையார் உடனிருந்து எஞ்சிய பணிகளை முடித்தார். ஏக்லி மண்டபம் 1936இல் திறக்கப்பெற்றது. நடுவே எட்டு யானைகள் நிற்க, சுற்றிலும் இருபத்தெட்டுக் காட்சிகள் அமைந்துள்ளன. கொரில்லாக் காட்சியின் பின்திரையில் தீட்டப்பெற்றிருப்பது, ஏக்லி அடக்கம் செய்யப்பெற்ற அம்மலைப் பகுதியேயாகும்.