பூமியின் உஷ்ணத்தைக் கணக்கிட்டவர்



உங்கள் வீட்டில் மேல்வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால், அதன் ரசாயனப் புத்தகத்தைச் சற்று வாங்கிப் பாருங்கள். அமிலங்களையும் காரங்களையும் பற்றிய பாடத்தில் அரீனியஸ் என்ற பெயர் இருக்கும். பிள்ளைகள் அப்பெயரைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் அவர் செய்த இன்னொரு வேலை பாடப்புத்தகத்தில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பூமி சூடேறி வருகிறது, அதனால் விளையும் நஷ்டத்தைச் சுமக்க வேண்டியவர் யார் என்று உலக நாடுகள் இன்று ஆண்டுதோறும் கூடி வாதாடுகின்றன அல்லவா? அந்த வழக்கின் முதற் கணக்கை எழுதியவர் இவரே. ஆதலால் அவருடைய ஜீவிய வரலாற்றை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது.

ஸ்வான்டே அரீனியஸ் 1859-ம் ஆண்டு பிப்ரவரி 19-ம் தேதி, ஸ்வீடன் தேசத்தில் உப்சாலா நகருக்கு அருகேயுள்ள வீக் என்னும் இடத்தில் பிறந்தார். தகப்பனார் நில அளவைக்காரர். உப்சாலா சர்வகலாசாலைக்குச் சொந்தமான நிலபுலன்களை மேற்பார்வை செய்துவந்தார். குழந்தை மூன்று வயதிலேயே யாரும் கற்பிக்காமல் வாசிக்கத் தொடங்கிற்று என்பார்கள். தகப்பனார் கணக்குப் புத்தகத்தில் எண்களைக் கூட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே கூட்டல் கழித்தல் கற்றுக்கொண்டதாம். எண்களின்மீது அன்று பிடித்த ஆசை அவரைக் கடைசிவரை விடவில்லை.

உப்சாலாவில் படித்துவிட்டு, 1881-ல் ஸ்டாக்ஹோமுக்குச் சென்றார். கரைசல்களில் மின்சாரம் பாய்வது எப்படி என்பதை ஆராய்ந்து, 1884-ல் டாக்டர் பட்டத்துக்காக 150 பக்கக் கட்டுரை ஒன்றைச் சமர்ப்பித்தார். உப்சாலாப் பேராசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. பட்டம் கொடுத்தார்கள், ஆனால் தாழ்ந்த தரத்தில் கொடுத்தார்கள். அத்தரத்தை வைத்துக்கொண்டு சர்வகலாசாலையில் ஆசிரியராய் அமர வழியில்லை.

வேறொருவராயிருந்தால் மனமுடைந்து ஊர் திரும்பியிருப்பார். அரீனியஸோ தம் கட்டுரையின் பிரதிகளை அயல்நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ரீகா நகரிலிருந்த ஆஸ்ட்வால்ட் என்னும் பேராசிரியர் அதை வாசித்துவிட்டு, அந்த வாலிபனைக் காணத் தாமே கடல் கடந்து உப்சாலாவுக்கு வந்தார். தம்மிடம் வேலை தருவதாகவும் சொன்னார். தகப்பனார் வியாதியாய்க் கிடந்தபடியால் அரீனியஸ் உடனே புறப்படவில்லை. தகப்பனார் மரித்த பின்னரே பிற நாடுகளுக்குச் சென்று பெரிய ஆசிரியர்களிடம் பயின்றார். உப்பு முதலியவை நீரில் கரையும்போது மின்னேற்றமுள்ள துகள்களாகப் பிரிகின்றன என்ற கொள்கையை 1887-ல் வெளியிட்டார். அதற்காகவே 1903-ல் ரசாயனத்துக்கான நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. தாழ்ந்த தரம் போட்டு அனுப்பப்பட்டவரே அப்பரிசைப் பெற்ற முதல் ஸ்வீடன்காரர்.

இவ்விரண்டு சம்பவங்களுக்கும் நடுவில் நிகழ்ந்ததுதான் நாம் இங்கே முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது. ஸ்டாக்ஹோமில் விஞ்ஞானிகள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். முற்காலத்தில் ஐரோப்பாவின் வடபகுதி முழுவதும் பனிக்கட்டி மூடிக் கிடந்ததே, அதன் காரணம் யாது என்று அவர்களுக்குள் பேச்சு எழுந்தது. காற்றிலுள்ள கரியமிலவாயு குறைந்ததால் அப்படி நேர்ந்திருக்குமோ என்று அரீனியஸ் எண்ணினார்.

கரியமிலவாயுவுக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சூரிய வெளிச்சம் காற்றைக் கடந்து வந்து பூமியைச் சூடாக்குகிறது. சூடேறிய பூமி அவ்வுஷ்ணத்தைத் திரும்ப ஆகாயத்துக்கு அனுப்புகிறது. காற்றிலுள்ள நீராவியும் கரியமிலவாயுவும் அதில் ஒரு பங்கைத் தடுத்துப் பிடித்துக்கொள்கின்றன. இரவில் நாம் போர்த்துக்கொள்ளும் கம்பளி செய்கிற வேலை போன்றது இது. இவ்வாயு உஷ்ணத்தைப் பிடித்து வைக்கும் என்பதை 1856-ல் அமெரிக்க மாது யூனிஸ் ஃபூட் சோதனை செய்து காட்டினார். அரீனியஸ் பிறந்த அதே 1859-ல் ஜான் டிண்டால் என்பவர் லண்டனில் அதை இன்னும் நுட்பமாக அளந்தார். ஆனால் வாயு இவ்வளவு கூடினால் உஷ்ணம் எவ்வளவு கூடும் என்று அதுவரை ஒருவரும் கணக்கிட்டதில்லை.

1894-ம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் அரீனியஸ் அக்கணக்கில் உட்கார்ந்தார். சந்திரனிலிருந்து வரும் உஷ்ணத்தை லாங்லி என்னும் அமெரிக்க வானசாஸ்திரி அளந்து வைத்திருந்தார். அவ்வளவுகளையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார். பூமியைப் பத்துப் பத்துப் பாகையாகப் பட்டை பட்டையாய்ப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியே கணக்குப் போட்டார். இயந்திரம் ஏதுமில்லை, காகிதமும் எழுதுகோலும்தான். பதினாயிரக்கணக்கான கூட்டல் பெருக்கல்கள் செய்ய ஓராண்டு பிடித்தது. அவ்வாண்டில்தான் அவருக்கு முதல் மகன் பிறந்தான். அந்நாட்களில்தான் அவருடைய மணவாழ்க்கையும் முறிந்தது. மனைவி பிரிந்துபோனாள். அவர் கணக்கை விடவில்லை.

1896-ல் கணக்கு அச்சில் வந்தது. காற்றிலுள்ள கரியமிலவாயு இரண்டு மடங்கானால் பூமியின் உஷ்ணம் சுமார் 5 அல்லது 6 டிகிரி ஏறும் என்பது அதன் முடிவு. இன்று எத்தனையோ கருவிகளையும் கணிப்பொறிகளையும் வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் சொல்லும் விடை சுமார் 3 டிகிரி. காகிதத்தில் தனியாளாய்ப் போட்ட கணக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்தது ஆச்சரியமே.

அக்காலத்தில் உலகத்தார் ஆண்டொன்றுக்கு எரித்த நிலக்கரி சுமார் 50 கோடி டன். அதை அவருடைய நண்பர் ஹெக்பாம் என்னும் பூமிசாஸ்திரி கணக்கிட்டிருந்தார். இந்த அளவிலேயே எரித்துக்கொண்டிருந்தால் காற்று கணிசமாய் மாற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று அரீனியஸ் முதலில் நினைத்தார். ஆனால் நிலக்கரிச் செலவு ஓடிப் பெருகிற்று; 1907-ல் அது 120 கோடி டன் ஆயிற்று. அதைக் கண்டு, அடுத்த சில நூற்றாண்டுகளிலேயே மாற்றம் புலப்படும் என்று தம் நூலில் திருத்தி எழுதினார்.

அம்மாற்றத்தைக் குறித்து அவர் அஞ்சினாரா? இல்லை, மகிழ்ந்தார். குளிர்ந்த தேசங்களில் வாழ்வோருக்கு இதமான சீதோஷ்ணம் கிடைக்கும், பயிர் அதிகம் விளையும், பெருகும் ஜனத்தொகைக்கு உணவு உண்டாகும் என்று எழுதினார். ஸ்வீடனின் நீண்ட மாரிக்காலத்தையும், அதில் வெளிச்சமே காணாத பகல்களையும் நினைத்துப் பார்த்தால் அவர் ஆசையை நாம் புரிந்துகொள்ளலாம். ஆனால் அவர் போட்ட அட்டவணையிலே பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நாடுகளும் இருந்தன. முன்னமே வெயிலில் வெந்துகொண்டிருக்கும் அந்நாடுகளுக்கும் சில டிகிரி உஷ்ணத்தை அவருடைய பேனாவே கூட்டிக் காட்டிற்று. அங்கே வாழும் மனிதருக்கு அது என்ன செய்யும் என்பதை அவர் ஆராயவில்லை. லாபத்தைப் பற்று வைத்தார்; நஷ்டத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1909-ல் ஸ்வீடனில் இனச் சுகாதாரச் சங்கம் என்ற பெயரால் ஒரு சங்கம் எழுந்தது. மனிதரில் உயர்ந்த வித்து, தாழ்ந்த வித்து என்று பிரித்த சங்கம் அது. கற்றறிந்த பலரோடு அரீனியஸும் அதில் அங்கத்தினராயிருந்தார். எண்களில் துல்லியமாயிருந்தவர் மனிதரை எண்ணுவதில் அப்படியிருக்கவில்லை. எனினும் முதிர்ந்த வயதில் அவர் எழுதிய நூலொன்றில், நிலக்கரியையும் எண்ணெயையும் இவ்விதம் வீணாக்கினால் பின்வரும் சந்ததிக்கு என்ன மிஞ்சும் என்று கவலைப்பட்டார் என்பதையும் நாம் சொல்லவேண்டும். 1927-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி ஸ்டாக்ஹோமில் மரித்தார். உப்சாலாவில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வாழ்நாளிலேயே அவருடைய கணக்கை உலகம் ஒதுக்கி வைத்துவிட்டது. 1900-ல் உப்சாலாப் பேராசிரியர் நூட் ஆங்ஸ்ட்ரெம் ஒரு சோதனை செய்து, வாயுவைக் கூட்டினாலும் உஷ்ணம் ஏறாது என்று முடிவு கட்டினார். மேலே உயரத்திலுள்ள மெல்லிய குளிர்ந்த காற்றில்தான் காரியம் நடக்கிறது என்பதை அச்சோதனை காட்டவில்லை. 1938-ல் காலண்டர் என்னும் ஆங்கிலேய இஞ்சினியர் வழக்கைத் திரும்ப எடுத்தார். 1958-ல் ஹவாய்த் தீவின் மலையொன்றில் கீலிங் என்பவர் காற்றை நாள்தோறும் அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமிலவாயு 315 பங்கு. ஆலைகள் பெருகுமுன் அது 280 பங்கு. இன்றோ 420-ஐத் தாண்டிவிட்டது. பழைய அளவில் பாதி கூடிவிட்டது. அரீனியஸ் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் என்று நினைத்த காரியம் அவர் கணக்குப் போட்டு நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டது.

இனி, அவர் விட்டுவிட்ட பத்தியைப் பார்ப்போம்.

பசிபிக் சமுத்திரத்தில் துவாலு என்று ஒரு சிறு தேசம். ஜனங்கள் சுமார் 10,000 பேர். அவர்கள் எரித்தது எவ்வளவு? ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். அவர்கள் நிலமோ கடல்மட்டத்திலிருந்து சில அடி உயரந்தான். கடல் ஏறுகிறது. 2023-ல் ஆஸ்திரேலியாவோடு செய்த உடன்படிக்கையின்படி, ஆண்டுக்கு 280 பேர் தங்கள் மண்ணை விட்டு அங்கே குடியேறலாம். 2022-ல் பாகிஸ்தானை வெள்ளம் மூடிற்று. 3 கோடி 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள், 1,700-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். உலகம் வெளிவிடும் புகையில் அந்நாட்டின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. குளிர்தேசங்களும் தப்பிவிடவில்லை. 2018-ம் ஆண்டுக் கோடையில் அரீனியஸின் ஸ்வீடனிலேயே காடுகள் பற்றி எரிந்தன. அந்நாடு அயலாரின் உதவியை நாடிற்று.

நஷ்டத்தை யார் சுமப்பது என்ற வாதம் அவர் வாழ்ந்த நகரிலேயே உலக அரங்குக்கு வந்தது. 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகளின் மாநாடு கூடியபோது, நம் பிரதமர் இந்திரா காந்தி அங்கு சென்று ஏழை நாடுகளின் பக்கம் நின்று பேசினார். 1991-ல் வனுவாட்டு என்னும் தீவு நாடு, கடலேறுவதால் வரும் நஷ்டத்தைக் கைத்தொழில் மிகுந்த நாடுகள் ஈடு செய்ய ஒரு நிதி வேண்டுமென்று கேட்டது. அத்தகைய நிதி வைக்க நாடுகள் இணங்கியது 2022-ல். முப்பத்தொரு ஆண்டுகள் காத்திருந்தார்கள்!

செல்வ நாடுகளுக்கும் ஒரு வாதம் உண்டு. எங்கள் முன்னோர் அறியாமல் எரித்தார்கள், அறியாமல் செய்ததற்கு எங்களைத் தண்டிக்கலாமா என்கிறார்கள். இன்று ஆண்டுக்கணக்கில் அதிகம் எரிப்பது சீனா. இந்தியாவும் முன்வரிசையில் இருக்கிறது, அவர்களும் பொறுப்பேற்க வேண்டாமா என்கிறார்கள். இரண்டாவது கேள்வி நியாயமானதே. நாமும் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். முதற் கேள்விக்கு அரீனியஸின் ஜீவியமே பதில் சொல்கிறது. கணக்கு 1896-லேயே அச்சில் இருந்தது. உஷ்ணம் ஏறும் என்பது தெரிந்திருந்தது. அது யாரைச் சுடும் என்றுதான் ஒருவரும் கேட்கவில்லை. சுடப்படுவோர் அந்த அறையில் இல்லை. 1992-ல் ரியோ நகரில் நாடுகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிற்பாடு, தெரியாது என்று சொல்ல ஒரு நாட்டுக்கும் வழியில்லை. வனுவாட்டு தொடுத்த கேள்விக்கு 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தந்த அபிப்பிராயமும் இதுவே: சீதோஷ்ணத்தைக் காப்பது அரசாங்கங்களின் கடமை, தவறினால் ஈடு செய்ய வேண்டியும் வரலாம்.

அரீனியஸைக் கெட்டவர் என்று தள்ளிவிட வேண்டாம். அவமதிப்புக்குத் தளராத உழைப்பும், சத்தியத்தைத் தேடிய ஆசையும் அவரிடம் இருந்தன. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கூடவே அவர் குறையையும் சொல்லுங்கள். தம் முற்றத்தில் நின்று பார்த்தார். முற்றத்துக்கு வெளியே நின்றவர்களைக் காணவில்லை. நாமும் வீட்டில் குளிர்சாதனம் வாங்கும்போதும், நாலடி தூரத்துக்கு மோட்டாரை எடுக்கும்போதும், நமக்குக் கிடைக்கும் சுகத்தை மட்டுமே எண்ணுகிறோம். அதன் உஷ்ணம் வெளியே சாலையில் தார் ஊற்றுகிறவன் தலையில் இறங்குவதை எண்ணுகிறோமா? இவ்வாரம் குடும்பமாய் உட்கார்ந்து, உங்கள் வீட்டின் மின்சாரத்தையும் பெட்ரோலையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அவருக்கு ஓராண்டு பிடித்தது. உங்களுக்கு அரைமணி நேரம் போதும். போடும்போது இரண்டு பத்திகளாகப் போடுங்கள்: லாபம் யாருக்கு, பாரம் யாருக்கு என்று.