நாடு யாருடைய உடைமை?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், மலையின் பின்புறத்தில் இருக்கிறது அடி அண்ணாமலை. பணி ஓய்வுக்குப் பிறகு நான் குடியேறிய ஊர். பௌர்ணமிதோறும் எங்கள் ஊரைக் கடந்து பெருங்கூட்டம் நடந்து செல்லும். கோடை வந்துவிட்டால் இந்த வட்டாரத்துக் கிராமங்களில் வேறொரு கூட்டம் சேரும். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும் காலம் அது.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓர் இரவில் பகடை துகில் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தருமன் வேடமிட்டவர் செல்வத்தை வைத்து இழந்தார். சேனையை வைத்து இழந்தார். பின்னர் நாட்டையே பணயமாக வைத்தார். என் அருகில் துண்டைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், நாடு என்ன இவனுடைய பாட்டன் சொத்தா என்று முணுமுணுத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். பொது நிதி பற்றிய என் பாடங்களின் சாரம் முழுவதும் அந்த ஒற்றை வரியில் அடங்கிவிட்டதாகத் தோன்றியது.

அதே கேள்வியை, எங்கள் ஊரிலிருந்து கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் அமர்ந்து ஒரு கவிஞர் கேட்டிருக்கிறார். சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாத நிலையில் அவர் எழுதிய அந்தக் காவியத்தின் முதல் பாகம் 1912இல் வெளிவந்தது. பாரதியையும் பாஞ்சாலி சபதத்தையும் அறியாத தமிழர் இலர். ஆனால், அந்தக் காவியம் நாடிழந்தவர் ஒருவரால் எழுதப்பட்டது என்பதை நாம் போதிய அளவு நினைத்துப் பார்ப்பதில்லை.

நாடிழந்த கவிஞர்கள் மறைநூலைத் தேடிச் செல்வது உலக இலக்கியம் அறிந்த ஒன்று. இதற்கு முதன்மையான சான்று யூதர்களின் வரலாறு. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எருசலேம் வீழ்ந்து, மக்கள் பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, ஆற்றங்கரையில் அமர்ந்து அழுதவர்களின் பாடல் விவிலியத்திலேயே 137ஆம் சங்கீதமாக இடம்பெற்றுவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த யெகூதா ஹலேவி, தாம் கண்டிராத சீயோனை வாழ்நாளெல்லாம் பாடி, முதுமையில் அதைத் தேடிக் கப்பலேறினார். 1831இல் பாரிஸில் குடியேறிய ஜெர்மானியக் கவிஞர் ஹைன்ரிக் ஹைனேயின் நூல்களுக்கு 1835இல் ஜெர்மானிய நாடுகளின் கூட்டமைப்பு தடை விதித்தது. படுத்த படுக்கையாகிவிட்ட கடைசி ஆண்டுகளில் அவர் விவிலியத்திடம் திரும்பி வந்து, அதே ஹலேவியைப் பற்றியே நீண்ட கவிதை ஒன்றை எழுதினார். 1940இல் நாஜிகளிடமிருந்து தப்பி ஸ்டாக்ஹோம் சென்ற நெல்லி சாக்ஸ், அழிக்கப்பட்ட தம் மக்களுக்காக யோபுவையும் யாக்கோபுவையும் மீண்டும் கவிதைக்குள் அழைத்து வந்தார்.

இவர்களை வாசிக்கும்போது பொருளியல் மாணவனுக்கு ஓர் உண்மை புலப்படும். நிலம், வீடு, அச்சகம், வருமானம் என அனைத்தையும் ஓர் அரசு பறித்துக்கொள்ளலாம். மனப்பாடமாகிவிட்ட மறைநூலை மட்டும் எந்தச் சுங்கச்சாவடியிலும் பறிமுதல் செய்ய முடியாது. வேறெதுவும் இல்லாதவனிடம் எஞ்சும் பொதுச் சொத்து அது. பாரதியிடமும் அதுவே எஞ்சியது.

உடைமை இழப்பு பாரதிக்குச் சிறுவயதிலேயே அறிமுகமான துயரம். எட்டயபுரத்தில் அவருடைய தந்தை சின்னசாமி ஐயர் பருத்தி ஆலை ஒன்றை நிறுவி, அதில் பெரும் பொருளை இழந்தார், 1898இல் காலமானார். அப்போது மகனுக்கு வயது 15. காசியில் சில ஆண்டுகள், எட்டயபுரம் அரண்மனையில் சிறிது காலம், பின்னர் 1904 முதல் சென்னையில் சுதேசமித்திரன் என்று நகர்ந்தது வாழ்க்கை. 1906இல் தொடங்கிய இந்தியா வார இதழ் அவருடைய அரசியலுக்கு மேடையாயிற்று. 1908இல் அவ்விதழின்மீது அரசு நடவடிக்கை எடுத்தபோது, சட்டப்படி வெளியீட்டாளராகப் பதிவாகியிருந்தவர் சிறை சென்றார். எழுதியவராகிய பாரதி நண்பர்களின் அறிவுரையை ஏற்றுப் புதுச்சேரிக்குச் சென்றார். தம் எழுத்துக்காக வேறொருவர் சிறையில் இருக்கிறார் என்ற எண்ணம் அவரை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

இந்தியா இதழ் புதுச்சேரியிலிருந்து மீண்டும் வெளிவந்தது. அச்சு எல்லைக்கு அந்தப் பக்கம்; வாசகர்களோ பெரும்பாலும் எல்லைக்கு இந்தப் பக்கம். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அவ்விதழ் நுழையத் தடை விதித்ததும் சந்தை முழுவதும் ஒரே நாளில் மூடிவிட்டது. 1910 மார்ச்சில் இதழ் நின்றது. ஓர் எழுத்தாளரை அடக்க அவரைச் சிறையில் அடைக்க வேண்டியதில்லை, அஞ்சல் வழியை அடைத்தாலே போதும் என்பதை ஆட்சியாளர்கள் அறிந்திருந்தார்கள். 1911 ஜூனில் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் கொல்லப்பட்டதும் ஒற்றர்களின் கண்காணிப்பு மிகுந்தது. கனவு, ஆறில் ஒரு பங்கு ஆகிய அவருடைய நூல்களும் அவ்வாண்டில் தடை செய்யப்பட்டன.

வருமானம் அற்ற அந்த ஆண்டுகளில் அவரைக் காப்பாற்றியவர்கள் நண்பர்களும் எளிய மனிதர்களும்தான். ஊரார் விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று அழைத்த வீட்டுக்காரர், வாடகை கேட்க வந்து பாட்டைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவாராம். வறுமையின் கணக்குப் புத்தகத்தில் இப்படிப்பட்ட வரவுகள் எழுதப்படுவதே இல்லை.

இந்த நிலையில்தான் பாரதி மறைநூல்களுக்குள் ஆழ்ந்தார். 1910 ஏப்ரலில் புதுச்சேரி வந்த அரவிந்தரோடு சேர்ந்து வேதங்களைப் பயின்றார். வேத ரிஷிகளின் பாடல்கள் சிலவற்றைத் தமிழாக்கினார். பதஞ்சலி யோக சூத்திரத்தில் ஒரு பகுதியையும் கீதையையும் மொழிபெயர்த்தார். இயேசுவையும் அல்லாவையும் பாடினார். இவற்றையெல்லாம் வைத்து, அரசியலில் களைத்த மனிதர் ஆன்மிகத்தில் ஆறுதல் தேடினார் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் நெடுங்காலம் அப்படியே எண்ணியிருந்தேன். பாஞ்சாலி சபதத்தை நிதானமாக வாசித்தபோது அந்த எண்ணம் தகர்ந்தது. ஆறுதல் தேடுபவர் இவ்வளவு கோபத்தோடு எழுத மாட்டார்.

வியாச பாரதத்தைத் தழுவியே பாரதி கதையை நடத்துகிறார். ஆனால், தருமன் நாட்டைப் பணயம் வைக்கும் இடத்தில் கதையை நிறுத்திவிட்டு அவனைக் கடிந்துகொள்கிறார். கோயிலில் பூசை செய்பவர் அங்குள்ள சிலையை விற்கலாமா, வாசற்காவலர் அந்த வீட்டையே சூதில் வைக்கலாமா என்ற வகையில் அமைகிறது அவருடைய வாதம். அரசன் நாட்டின் காவலன், உடைமையாளன் அல்லன். இன்று பொது நிதி பற்றிய எந்தப் பாடநூலிலும் முதல் அத்தியாயத்தில் இடம்பெற வேண்டிய கருத்து இது. ஒரு வணிக நிறுவனத்திடமிருந்து இங்கிலாந்தின் முடியாட்சி பெற்றுக்கொண்ட நாடு அன்றைய இந்தியா. நாட்டைக் கைமாற்றத்தக்க சொத்தாகக் கருதிய ஆட்சியின்கீழ் அதை எழுதுவது வெறும் புராண விளக்கம் ஆகாது.

அவருடைய கோபம் அரசனோடு நின்றுவிடவில்லை. துச்சாதனன் பாஞ்சாலியை வீதி வழியே இழுத்து வரும்போது வேடிக்கை பார்த்துப் புலம்பும் ஊர்மக்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவனைத் தடுக்காமல் அழுதுகொண்டு நிற்பது கீழ்மை என்கிறார். சபையில் நீதி கேட்கும் பாஞ்சாலிக்கு வீட்டுமர் சாத்திரத்தைக் காட்டுகிறார். பழங்காலத்தில் பெண்களுக்கு உரிமை இருந்தது, பிற்கால நூல்கள் அதைப் பறித்துவிட்டன, இது அநீதிதான், ஆயினும் தடுக்கத் தம்மால் ஆகாது என்பது அவருடைய விடை. கொடியவர் ஆட்சியில் சாத்திரமும் கொடியவர்க்கே துணைபோகும் என்ற பொருள்படப் பாஞ்சாலி மறுமொழி தருகிறாள்.

இங்கேதான் பாரதி, யூதக் கவிஞர்களின் மரபுக்கு மிக அருகில் வருகிறார் என்று நான் கருதுகிறேன். யோபு தன் இறைவனிடமே வழக்காடினான். நெல்லி சாக்ஸ் அந்தக் குரலை மீட்டெடுத்தார். பாரதியும் மறைநூலின் முன் கைகட்டி நிற்கவில்லை. அதிகாரத்துக்குப் பணிந்துபோன நூலை, அதே மறைநூலில் வரும் ஒரு பெண்ணின் வாயாலேயே விசாரணைக்கு உட்படுத்தினார். தன் வீட்டில் வசதியாக அமர்ந்திருப்பவனுக்கு நூல் ஓர் அலங்காரம். நாடிழந்தவனுக்கோ முறையிட அதைவிட்டால் வேறு நீதிமன்றம் இல்லை.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். பாபிலோனில் யூதர்களைச் சூழ்ந்திருந்தது அந்நிய மொழி. பாரதியைச் சுற்றிலும் ஒலித்தது தமிழே. அவர் குடியிருந்த தெருவின் பெயரே ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு. சில மைல் தொலைவில் இருந்த எல்லைக்கோட்டைத் தாண்டினால் கைது செய்வார்கள் என்பதுதான் அவருடைய நாடுகடத்தல். காவியத்தை அவர் முடித்திருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. மூலத்தில் சூதாட்டத்தைத் தொடர்ந்து வனவாசம் வரும். பாரதியோ சபதங்களோடு நிறுத்திக்கொண்டார். வனவாசத்தை அவர் வாழ்ந்துகொண்டிருந்தார். அதை எழுத வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

இந்த இடத்தில் என் வாழ்க்கையின் ஒரு நிகழ்வைச் சொல்லியாக வேண்டும். நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில், ஏழை மாணவர்களின் உதவித்தொகைக்கென்று முன்னோர் ஒருவர் எழுதிவைத்த நிலம் இருந்தது. அதை மிகக் குறைந்த தொகைக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடும் தீர்மானம் ஒரு குழுவின் முன் வந்தது. அக்குழுவில் நானும் இருந்தேன். அது தவறு என்பதை அறிவதற்கு எனக்கு முனைவர் பட்டம் தேவைப்படவில்லை. விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது என்று ஒருவர் விளக்கினார். நான் மறுக்கவில்லை, கையொப்பமிட்டேன். அன்று மாலை வழக்கம்போல் வகுப்பில் பொதுச் சொத்தின் மேலாண்மை குறித்துப் பாடம் நடத்தினேன். பிற்காலத்தில் வீட்டுமரின் விடையை வாசித்தபோது அந்தக் குழு அறைதான் என் நினைவுக்கு வந்தது. கோயில் சிலையை விற்றவன் நான் அல்லன் என்று சொல்லிக்கொள்ளலாம். பார்த்துக்கொண்டு நின்ற ஊராரில் ஒருவன் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டினார். கடலூருக்கு அருகே கைதாகி, மூன்று வாரங்களுக்கு மேல் சிறையில் இருந்து, டிசம்பரில் நிபந்தனைகளோடு விடுதலையானார். 1920இல், தம் எழுத்துகளை 40 தொகுதிகளாக, ஒவ்வொன்றையும் 10,000 படிகளாக வெளியிடத் திட்டமிட்டு, தமிழர்களிடம் வட்டிக்குக் கடன் கேட்டு அறிக்கை விடுத்தார். இரவலாகவோ தானமாகவோ அவர் கேட்கவில்லை, முதலீடாகக் கேட்டார். போதிய ஆதரவு கிட்டவில்லை. 1921 செப்டம்பரில், 39 வயது நிறைவதற்கு முன்பே காலமானார். பாஞ்சாலி சபதத்தின் இரண்டாம் பாகம் அச்சேறியதை அவர் பார்க்கவில்லை. அது 1924இல்தான் வெளிவந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையின் வியப்பு. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையைப் பெற்றது. சில ஆண்டுகளில் அவை மக்களுக்கே பொதுவாக்கப்பட்டன. நாடு எவருடைய தனிச் சொத்தும் அன்று என்று எழுதியவரின் பாட்டே எவருடைய தனிச் சொத்தும் அல்லாததாயிற்று. இன்று எந்த அச்சகத்தாரும் எவரிடமும் அனுமதி பெறாமல் அதை அச்சிடலாம். எந்தக் குழந்தையும் பாடலாம்.

அன்று கூத்து முடிந்தபோது மலைக்குப் பின்னால் விடியத் தொடங்கியிருந்தது. திரௌபதி வேடமிட்டவருக்கு முன் கற்பூரம் காட்டி மக்கள் வணங்கினார்கள். என் பக்கத்தில் இருந்த முதியவரும் வணங்கிவிட்டு எழுந்து போனார். அவர் பாரதியை வாசித்தவரா என்பதை நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவரிடம் ஏற்கெனவே இருந்தது. ஏரிப் புறம்போக்கிலிருந்து அரசுக் கருவூலம் வரை, பொதுப்பொருள் கைமாறும் ஒவ்வொரு அறையிலும் அதை யாராவது ஒருவர் உரக்கக் கேட்க வேண்டும். ஒருமுறை கேட்கத் தவறிய எனக்கு, இனியேனும் அந்தக் கடமை உண்டு.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).