மும்முறை தோற்ற சிற்பி

முழங்காலில் முழங்கையை ஊன்றி, மோவாயைக் கையில் தாங்கி, ஆழ்ந்த சிந்தனையில் அமர்ந்திருக்கும் ஒரு மனிதனின் சிலையைப் புத்தகங்களில் நாம் பார்த்திருக்கிறோம். ‘சிந்தனையாளன்’ என்னும் அந்தச் சிலையைப் படைத்தவர் பிரான்சு நாட்டுச் சிற்பி அகுஸ்து ரோடின். உலகமே போற்றும் இவரை, சிற்பம் கற்பிக்கும் கல்லூரி ஒரு முறையல்ல, மூன்று முறை வாசலிலேயே திருப்பி அனுப்பியது என்றால் நம்ப முடிகிறதா?

ரோடின் 1840-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பாரிஸ் நகரில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை காவல் துறை அலுவலகத்தில் சிறு பணியாளர். ரோடினுக்குக் கிட்டப்பார்வை, பள்ளிப் பாடங்களில் பின்தங்கினார். படம் வரைவதில் மட்டும் தணியாத ஆசை. இரண்டு வயது மூத்தவளான அக்காள் மரியா தம்பியின்மீது உயிரையே வைத்திருந்தாள்.

1854-ஆம் ஆண்டில், ‘சிறிய பள்ளி’ என்று மக்கள் அழைத்த அரசு ஓவியப் பள்ளியில் ரோடின் சேர்ந்தார். அங்கே லெகோக் என்ற ஆசிரியர் புதுமையான முறையில் கற்பித்தார். ஒரு பொருளை நன்றாகப் பார்க்கச் சொல்வார். பிறகு அதைப் பார்க்காமலே நினைவிலிருந்து வரையச் சொல்வார். கைக்கு முன் கண்ணும் மனமும் பழக வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு நாள் மாணவர்கள் களிமண்ணில் உருவங்கள் செய்யும் அறைக்குள் ரோடின் நுழைந்தார். ஈரக் களிமண்ணைத் தொட்டவுடன் அவருக்கு விண்ணுலகில் ஏறியதுபோல் இருந்ததாம்! இனித் தம் வாழ்க்கை சிற்பமே என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

சிற்பியாக விரும்பியவர்கள் அடுத்துச் சேர வேண்டியது பாரிசின் நுண்கலைக் கல்லூரி. நுழைவுத் தேர்வில் ஓவியப் பகுதியில் ரோடின் தேறினார். சிற்பப் பகுதியில் தோற்றார். மறுபடியும் எழுதினார், மறுபடியும் தோல்வி. மூன்றாம் முறையும் கதவு திறக்கவில்லை. குடும்பத்துக்கு உதவ வேண்டிய நிலை. எனவே கட்டடங்களை அலங்கரிக்கும் கைவினைஞர்களிடம் கூலிக்குச் சேர்ந்து சாந்து குழைத்தார். இலையும் பூவும் செதுக்கினார்.

அங்கும் அவருக்கு ஓர் ஆசான் கிடைத்தார். கோன்ஸ்தான் சிமோன் என்னும் உடன் தொழிலாளி, ரோடின் செய்த இலைகள் தட்டையாக இருப்பதைக் கண்டார். இலையைப் படுத்த நிலையில் செய்யாமல், அதன் நுனி பார்ப்பவரை நோக்கி நீண்டு வருவதுபோல் செய்யும்படி காட்டிக் கொடுத்தார். எந்த உருவத்தையும் மேற்பரப்பாகப் பார்க்காமல் ஆழத்தோடு பார்க்க வேண்டும் என்ற அந்தப் பாடத்தை ரோடின் சாகும்வரை மறக்கவில்லை.

1862-ஆம் ஆண்டில் பேரிடி ஒன்று விழுந்தது. கன்னியர் மடத்தில் சேர்ந்திருந்த அக்காள் மரியா இறைவனடி சேர்ந்தாள். துயரம் தாங்காத ரோடின் களிமண்ணையும் கருவிகளையும் துறந்து, நற்கருணை சபையில் சேர்ந்து சகோதரர் அகுஸ்தீன் ஆனார். அச்சபையை நிறுவிய அருட்தந்தை பீட்டர் ஜூலியன் எய்மார், இந்த இளைஞன் வந்தது அழைத்தலால் அல்ல, துக்கத்தால் என்பதை உணர்ந்துகொண்டார். ஆயினும் அவர் கடிந்துகொள்ளவில்லை. மடத்திலேயே சிற்பம் செய்ய அனுமதி தந்தார். 1863-இல் ரோடின் அவருடைய மார்பளவுச் சிலையைச் செய்தார். கடவுள் தந்த கொடையைக் கொண்டு உலகில் உழைப்பதும் இறைப்பணியே என்று ஊக்கமூட்டி, அருட்தந்தை அவரைக் கலைக்கே திருப்பி அனுப்பினார். அந்த அருட்தந்தைக்குத் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 1962-ஆம் ஆண்டில் புனிதர் பட்டம் அளித்தார்.

வெளியே வந்ததும் வெற்றி காத்திருக்கவில்லை. குளிர்காயும் வசதியில்லாத அறையில் ‘மூக்குடைந்த மனிதன்’ என்ற தலையைச் செய்தார். கடுங்குளிரில் களிமண் உறைந்து, தலையின் பின்பகுதி உடைந்து விழுந்தது. எஞ்சிய முகத்தைக் கண்காட்சிக்கு அனுப்பினார், ஏற்க மறுத்தனர். அதையே பளிங்கில் வடித்தபோது 1875-இல் ஏற்றுக்கொண்டனர். பின் இத்தாலி சென்று மைக்கேலாஞ்சலோவின் சிற்பங்களைப் பார்த்துப் பயின்றார். 1877-இல் ‘வெண்கல யுகம்’ என்ற சிலையைக் காட்சிக்கு வைத்தார். அது அவ்வளவு உயிரோட்டமாக இருந்ததால், உயிருள்ள மனிதன்மேல் அச்சு எடுத்துவிட்டார் என்று பழி சுமத்தினர்! பிறகு புனித ஸ்நாபக அருளப்பரின் சிலையை ஆளைவிடப் பெரிதாகச் செய்தார். அதற்கு எந்த மனிதன்மேல் அச்சு எடுக்க முடியும்? 1880-இல் அரசே ‘வெண்கல யுகத்தை’ விலைக்கு வாங்கியது. அதே ஆண்டில் ‘நரக வாயில்’ என்ற பெருங்கதவைச் செய்யும் பணியும் கிடைத்தது. அதன் உச்சியில் அமரப் பிறந்தவனே நம் சிந்தனையாளன்.

ரோடினுக்கு நம் தமிழ் மண்ணோடும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் நடராசர் வெண்கலச் சிலையைப் புகைப்படங்களில் கண்டு வியந்து அவர் எழுதிய கட்டுரை, அவர் மறைந்தபின் 1921-இல் வெளிவந்தது.

1917-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள் ரோடின் காலமானார். அவரது கல்லறைக்கு மேல் சிந்தனையாளனே அமர்ந்திருக்கிறான். நாட்டுக்கு அவர் கொடையாகத் தந்த சிற்பங்களைக் கொண்டு 1919-இல் பாரிசில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்த மாளிகை முன்பு என்னவாக இருந்தது தெரியுமா? திரு இருதய சபைக் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி!

அன்புத் தோழியரே! பொதுத் தேர்வை எண்ணி நம்மில் பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. மதிப்பெண் ஒரு வாசலை மூடலாம். ஆண்டவர் கையில் வைத்த திறமையை எடுத்துவிட முடியாது. கற்றுத்தர ஒரு தொழிலாளி வரலாம், வழிகாட்ட ஒரு துறவி வரலாம். களிமண்ணைக் கீழே வைக்காமல் இருப்பதே நம் கடமை.